அண்ணன் கலந்த நீலம்

எங்கள் டுங்கியின் நிறத்தைப் பார்த்துக் கரையில் சிரிக்காதவர் கிடையாது. டுங்கி என்று இந்தத் தீவில் தமிழர், தெலுங்கர், வங்காளி எல்லாரும் சொல்வது எஞ்சின் வைத்த சின்ன மரப்படகை. வருடா வருடம் கோயில் திருவிழாவுக்கு முன்னால் படகுக்குப் பெயிண்ட் அடிப்போம். மற்றவர்கள் கடையில் ஒரு டப்பா வாங்கி, மூடியைத் திறந்து, அடித்துவிட்டுப் போவார்கள். என் அண்ணன் அப்படிப்பட்ட ஆள் இல்லை. கடை நீலத்தில், மாதா சிலை நிற்கிற கெபிக்கு அடித்து மிஞ்சிய பச்சையை ஊற்றுவான். அதில் எங்கிருந்தோ கொண்டுவந்த சாம்பல் நிறத்தையும் ஊற்றி, குச்சியால் கலக்கு கலக்கென்று கலக்குவான். கடைசியில் வருவது நீலமா பச்சையா என்று யாராலும் சொல்ல முடியாது.

"மயில் கழுத்துட்டி இது" என்பான்.

"மயிலுக்குக் காமாலை வந்தா இப்பிடித்தான் இருக்கும்" என்பேன் நான்.

தம்பி இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டே சிரிப்பான். தூரத்தில் எத்தனை படகு வந்தாலும் எங்களுடையது எது என்று அம்மாவுக்குக் கண்ணைச் சுருக்காமலே தெரியும். அந்த நிறம் இந்தத் தீவில் வேறு யாரிடமும் இருக்கவில்லை. இருக்கவும் யாரும் ஆசைப்படவில்லை.

நான் மரைன் ஹில்லில் சின்னதாக ஒரு தையல் கடை வைத்திருக்கிறேன். பள்ளிக்கூட யூனிஃபார்ம், ரவிக்கை, போலீஸ்காரர்களின் பேண்ட் சுருக்குவது, வக்கீல்களுக்குக் கறுப்புக் கோட்டு. அப்பா தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரையிலிருந்து இங்கே வந்து, ஒரு டுங்கியைக் கட்டி, அதை இரண்டு பிள்ளைகளிடமும் விட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தார். அண்ணன் வலை விடுவான், தம்பி எஞ்சின் பிடிப்பான். அண்ணன் பெண்டாட்டி மதினிக்குக் குழந்தை இல்லை. தம்பியைத்தான் பிள்ளை மாதிரி அதட்டிக்கொண்டிருப்பாள். நாங்கள் ஐந்து பேரும் ஒரே வீட்டில் இருந்தோம். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று வீட்டிலும் கடையிலும் சொல்வார்கள். அது உண்மைதான்.

முதலாளியைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவரும் எங்கள் பக்கத்துக்காரர்தான். எங்கள் ஊருக்கு ஓர் ஊர் தள்ளிப் பிறந்தவர். பக்கத்துத் தீவு ஹேவ்லாக்கில் ரிசார்ட், சிப்பிகாட்டில் தென்னந்தோப்போடு பங்களா, கவர்மெண்ட் காண்ட்ராக்ட், டூரிஸ்ட்டுகளை ஏற்றும் ஸ்பீட் போட்டுகள் எல்லாம் அவருக்கு இருந்தன. ஆனால் வந்தால் செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார். அம்மாவை "அக்கா" என்பார். திருவிழா லைட் செலவு முழுக்க அவருடையது. அன்றைக்குப் படகு மந்திரிக்கும்போது சாமியார் முதல் தீர்த்தத்தை அவருடைய பெரிய வெள்ளைப் படகுக்குத்தான் தெளிப்பார். அதில் எங்களுக்கு ஒரு பெருமைகூட இருந்தது. நம்ம ஆள் ஒருத்தர் இந்தத் தீவில் தலையெடுத்துவிட்டார் என்று பேசிக்கொள்வோம்.

அந்த நாள் ஒரு சனிக்கிழமை. வெயில் இன்னும் இறங்கவில்லை, கடல் கண்ணாடியாகக் கிடந்தது. டுங்கி துறைமுக வாய்க்கு வெளியே வலையை இழுத்துக்கொண்டிருந்தபோது ஏதோ ஒரு படகு வந்து அடித்துவிட்டுப் போயிருக்கிறது. நிற்கவே இல்லை. அந்த வழியாக வந்த தெலுங்குக்காரர்களின் டுங்கிதான் அவர்களைக் கண்டது. எங்கள் படகு பாதி மூழ்கிக் கிடக்க, தம்பி அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தான். இன்னொரு கையில் அண்ணனின் சட்டைக் காலர். அண்ணன் அப்போதே போய்விட்டான்.

தம்பிக்குத் தாடை உடைந்திருந்தது. பேச முடியவில்லை. ஆஸ்பத்திரியில் அவன் பக்கத்தில் நான் இருந்தேன். அதே கட்டடத்தின் இன்னொரு மூலையில் அண்ணன் கிடந்தான். கரைக்கு இழுத்துவந்த படகைப் பார்க்க ஒரு போலீஸ்காரர் வந்து, டார்ச்சை ஒரு தடவை அடித்துவிட்டு, காலையில் வெளிச்சத்தில் வந்து எழுதிக்கொள்வதாக இந்தியில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். யாரும் தொடக்கூடாது என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அம்மா கேட்டிருப்பாளா என்று எனக்குத் தெரியாது.

ஏனென்றால் எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. ஓர் ஆளின் சாவைக் கொண்டுவந்த படகு காயத்தோடு கிடக்கக்கூடாது. அடக்கத்துக்கு முன்னால் கடல் தண்ணீராலும் மணலாலும் தேய்த்துக் கழுவி, மந்திரித்த உப்பைத் தூவி, உடைந்த இடத்தை மூடிவிட வேண்டும். இல்லையென்றால் அந்தப் படகு இன்னோர் ஆளைக் கேட்கும் என்பார்கள். கோயிலில் யாரும் சொல்லிக்கொடுத்ததல்ல இது. ஒரு சாமியார் ஒருமுறை பிரசங்கத்தில் திட்டிக்கூடப் பார்த்தார். பெண்கள் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய் அதையேதான் செய்தார்கள். நான் சின்ன வயதிலிருந்தே இதைக் கிண்டல் செய்கிறவள்.

காலையில் போலீசுக்கு முன்னால் முதலாளி வந்தார். எனக்கு இதையெல்லாம் மதினி பிறகு சொன்னாள். செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்து, அம்மாவின் காலடியில் தரையில் உட்கார்ந்து அழுதாராம்.

"அக்கா, அடிச்சிட்டுப் போனவன் எவனா இருந்தாலும் நா விடமாட்டேன்" என்றாராம். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "படகு அப்பிடியே கெடக்கே அக்கா. நம்ம வழக்கத்த விட்டுரக் கூடாதுல்லா? இன்னொரு புள்ள ஆஸ்பத்திரியில கெடக்கான்" என்றாராம்.

இன்னொரு பிள்ளை என்று கேட்டதும் அம்மா எழுந்துவிட்டாள்.

அவருடைய ஆட்கள் நாலைந்து பேர் ஏற்கெனவே கரையில் நின்றிருக்கிறார்கள். பலகை, ஆணி, பைபர் ஒட்டும் பசை, பெயிண்ட் டப்பா எல்லாம் கொண்டுவந்திருந்தார்கள். அம்மாவும் மதினியும் அக்கம்பக்கத்துப் பெண்களும் அழுதுகொண்டே தேங்காய் நாராலும் மணலாலும் படகைத் தேய்த்தார்கள். ஆட்கள் உடைந்த பலகைகளைப் பிரித்து எடுத்துப் புதுசு அடித்தார்கள். பிரித்த பலகைகளைக் கரையில் போடக்கூடாது என்று முதலாளியே சொல்லி, எரித்துவிடுவதாகத் தன் ஜீப்பில் ஏற்றிக்கொண்டார். எவ்வளவு நல்ல மனிதர் என்று கரையே பேசியது. போலீஸ்காரர் வந்தபோது படகு புதுப் பெண் மாதிரி மினுங்கிக்கொண்டிருந்தது.

அடக்கத்துக்காக ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது நானும் அதைப் பார்த்தேன். கடை நீலம். பளீரென்று, எல்லார் படகிலும் இருக்கிற நீலம்.

"இது அண்ணன் நெறம் இல்லியே" என்றேன்.

"நெறமா இப்ப முக்கியம்?" என்றாள் அம்மா.

எனக்கு அப்போது வேறு எதுவும் தோன்றவில்லை. நிறம் தப்பாகிவிட்டதே என்ற எரிச்சல் மட்டும்தான் இருந்தது.

தாடையில் கம்பி கட்டித் தம்பியை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆட்டோவிலிருந்து இறங்கியவன் வீட்டுக்குள் போகவில்லை. நேராகக் கரைக்குப் போனான். நான் பின்னால் ஓடினேன். படகைப் பார்த்தவன் முன்பக்கத்துக்குப் போய், வலது பக்கத்துப் பலகையைக் கையால் தடவினான். பிறகு குனிந்து பார்த்தான். மறுபடியும் தடவினான். அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டான்.

"என்னல?" என்றேன்.

பல்லைத் திறக்க முடியாமல், கம்பிக்குள்ளிருந்து பேசினான். "வெள்ள பெயிண்ட் ஒட்டியிருந்துச்சு அக்கா. இவ்ளோ நீளத்துக்கு. செவப்புக் கோடும் சேந்து. எங்க அது?"

வெள்ளையில் சிவப்புக் கோடு போட்ட படகு இந்தத் தீவில் யாருடையது என்று எங்கள் தெருவில் குழந்தைக்கும் தெரியும். திருவிழாவில் முதல் தீர்த்தம் வாங்குகிற படகு அது.

"ஓட்டுனது அவரு மகன்" என்றான் தம்பி. "கண்ணாடி போட்டுட்டு, பின்னாடி திரும்பி யார்கூடயோ சிரிச்சிட்டு இருந்தான். நா கையக் காட்டிக் கத்துனேன். அடிச்ச பெறவு ஒரு தடவ திரும்பிப் பாத்தான் அக்கா. என்னப் பாத்தான்."

 முதலாளி அம்மாவின் காலடியில் உட்கார்ந்து அழுத அழுகை பொய் என்று இன்றைக்கும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அவருக்கு அழுகையும் வந்திருக்கும், ஜீப்பில் பலகையும் ஏறியிருக்கும். இரண்டும் ஒரே ஆளால் முடியும் என்பதுதான் என்னைப் பயமுறுத்தியது. எங்கள் வழக்கம் தெரிந்தவர் என்பதால்தான் அவரால் அது முடிந்தது. வங்காளி முதலாளிக்கோ பஞ்சாபி முதலாளிக்கோ அந்தப் புத்தி வந்திருக்காது.

தம்பி ஸ்டேஷனில் எழுதிக்கொடுத்தான். பேர் சொல்லியே எழுதிக்கொடுத்தான். வெள்ளைப் படகைப் பார்த்ததாகவும், அதில் ஒரு கீறல்கூட இல்லை என்றும் கொஞ்ச நாளில் போலீசார் சொன்னார்கள். படகில் இருந்த விருந்தாளிகள் மெயின்லேண்டுக்கு விமானம் ஏறிவிட்டார்கள். பிறகு, அன்று படகை ஓட்டியது மகன் இல்லை, சம்பளத்துக்கு இருந்த டிரைவர் என்றானது. அந்த டிரைவரோ கப்பல் ஏறிச் சொந்த ஊருக்குப் போனவன் திரும்பவில்லை. மகனுக்கு நெஞ்சு வலி என்று சொல்லி, இங்கே வைத்தியம் இல்லையென்று மெயின்லேண்ட் ஆஸ்பத்திரிக்கு எழுதி அனுப்பினார்கள். எங்கள் தெருவில் நிஜமாக நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறவர்கள் அந்த ஒரு கையெழுத்துக்காக எவ்வளவு அலைவார்கள் என்று எனக்குத் தெரியும். நெஞ்சு வலிக்காரன் கடற்கரையில் பைக்கோடு நிற்கிற படத்தை என் கடைக்கு ரவிக்கை தைக்க வருகிற பெண் ஒருத்தி போனில் காட்டினாள். நல்ல ஆரோக்கியமாக இருந்தான்.

முதலாளி ஒருநாளும் மிரட்டவில்லை. மிரட்டியிருந்தால் எனக்குத் தெம்பாக இருந்திருக்கும், திருப்பித் திட்ட ஒரு வாய்ப்பாவது கிடைத்திருக்கும். அவர் வழக்கம்போல ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு வந்தார். அம்மாவைப் பார்த்ததும் "உடம்பு எப்பிடி இருக்குக்கா?" என்றார். ஒருநாள் அவருடைய ஆள் துணி மூட்டையோடு என் கடைக்கு வந்தான். ரிசார்ட்டில் வேலை செய்கிற எல்லாருக்கும் நான்தான் யூனிஃபார்ம் தைக்க வேண்டுமாம், முதலாளி ஆசைப்படுகிறாராம்.

"ஒங்க முதலாளி ஆசப்பட்டது போதும்னு சொல்லு" என்று மூட்டையைத் திருப்பி அனுப்பினேன்.

அடுத்த மாதம் கடைக் கட்டடத்தின் சொந்தக்காரர் வந்தார். வங்காளி, நல்ல மனிதர், என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். இடம் தேவைப்படுகிறதாம். அவசரமில்லையாம், வேறு இடம் பார்த்துக்கொண்டே இருக்கச் சொன்னார். இன்றைக்கும் நான் அதே கடையில்தான் இருக்கிறேன். அவர் இன்றைக்கும் அவசரமில்லை என்றுதான் சொல்கிறார். கதவை யார் தட்டினாலும் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நிற்கிற பழக்கம் அப்போது வந்ததுதான்.

தம்பி பேர் சொல்லியே எழுதிக்கொடுத்ததால் முதலாளி மகன் மேல் வழக்கு கோர்ட்டுக்கு வந்தது, அம்மாவைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். மகனுக்காக வந்த வக்கீலின் கோட்டு நான் தைத்தது. பாவி, அளவு கொடுக்கும்போது எவ்வளவு மரியாதையாக நின்றான்! அம்மாவுக்குப் புரிகிற மாதிரி தமிழிலேயே கேட்கட்டுமா என்று அனுமதி வாங்கிக்கொண்டு, குரலை இறக்கிக் கேட்டான்.

"படகக் கழுவுனது யாரும்மா?"

"நாந்தான்."

"மணல் போட்டுத் தேய்ச்சீங்களா?"

"ஆமா. தேய்க்கணும்."

"யாராவது ஒங்களக் கட்டாயப்படுத்துனாங்களா?"

அம்மா முதலாளி உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்திருந்தார். அம்மாவுக்குப் பொய் சொல்ல வராது.

"கட்டாயம் என்ன கட்டாயம்? எங்க வழக்கம் அது. அவுக சொல்லலன்னாலும் நா கழுவியிருப்பேன்."

அவ்வளவுதான். வக்கீல் நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டான். தடயம் எதுவும் இல்லை, இருந்ததைக் குடும்பத்தாரே அழித்துவிட்டார்கள், சொல்கிறவன் தலையில் அடிபட்டவன். மகனை விட்டுவிட்டார்கள். வெளியே வந்ததும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நா ஏதும் தப்பாச் சொல்லிட்டனா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அவள் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. உண்மையைச் சொன்னதற்காக அவளை நான் எப்படித் திட்டுவேன்?

ஆனால் ஒருவன் செத்திருக்கிறான் அல்லவா. சாவு என்றால் யாராவது காரணமாக இருந்தாக வேண்டும். காகிதம் சும்மா இருக்காது. கப்பல் போகிற பாதையில் வலை விட்டது, லைஃப் ஜாக்கெட் இல்லாமல் ஆளை ஏற்றியது, எதிரே வருவதைக் கவனிக்காமல் எஞ்சின் பிடித்தது என்று எழுதி, அண்ணனின் சாவுக்குத் தம்பியின் கவனக்குறைவே காரணம் என்று வழக்கு போட்டார்கள். அந்தக் காகிதத்தை எங்கள் வக்கீல் படித்துச் சொன்னபோது மதினி எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். "திரும்ப ஒருக்கப் படிங்க" என்றாள். அவர் திரும்பப் படித்தார். அதே மாதிரிதான் இருந்தது.

ஸ்டேஷனுக்கு அடிக்கடி போய்க் கையெழுத்துப் போட வேண்டும். கடலுக்குப் போகக்கூடாது. கூப்பிடும்போதெல்லாம் கோர்ட்டில் நிற்க வேண்டும். ஒரு நாள் ஜட்ஜ் லீவு, ஒரு நாள் சாட்சி வரவில்லை, ஒரு நாள் கரண்ட் இல்லை. படகு கரையில் கவிழ்ந்து கிடந்தது. தம்பி அதன் நிழலில் உட்கார்ந்து அடுத்தவர்களின் வலையை முடிந்துகொண்டிருந்தான். வருடம் ஒன்று போய், இன்னொன்றும் போனது. கடைசியில் எங்கள் வக்கீலே சொன்னார்: குற்றத்தை ஒப்புக்கொண்டால் அபராதத்தோடும், கோர்ட் கலைகிறவரை உள்ளே நிற்கிற தண்டனையோடும் முடிந்துவிடும். இல்லையென்றால் இழுக்கும், ஜெயிலுக்குப் போனாலும் போகலாம்.

"ஒப்புக்கிட்டா கடலுக்குப் போலாமா?" என்று தம்பி கேட்டான்.

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே, போகலாம் என்று நினைப்பதாகச் சொன்னார்.

அன்று கோர்ட்டில் அவன் நல்ல சட்டை போட்டிருந்தான். நான் தைத்தது. ஜட்ஜ் இந்தியில் கேட்டார். உன் கவனக்குறைவால் உன் அண்ணன் இறந்தான் என்பதை ஒப்புக்கொள்கிறாயா? தம்பி வாயைத் திறக்கப் பார்த்தான். கம்பி எடுத்து எவ்வளவோ நாளாகியும், தாடை அசைய மறுத்தது. ஜட்ஜ் மறுபடியும் கேட்டார்.

"ஹான், சாப்" என்றான்.

அண்ணனின் காலரைப் பிடித்த கையை விடாமல் கிடந்தவன் அவன். கரைக்கு வந்தும் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் எடுத்தார்களாம். எனக்கு அங்கேயே கத்த வேண்டும் போலிருந்தது. எவ்வளவு நீளமான வாய் எனக்கு! அன்றைக்கு அது ஒன்றுக்கும் உதவவில்லை. கோர்ட் கலைகிறவரை அவன் மூலையில் நின்றான். நாங்கள் மூன்று பெண்களும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம்.

படகு ஓட்டுகிற லைசென்ஸை ரத்து செய்துவிட்டார்கள். தண்டனை வாங்கியவனுக்குக் கிடையாதாம். வக்கீல், தனக்கு அது தெரியாது என்றார். தெரிந்திருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன். டுங்கியை வந்த விலைக்குக் கொடுத்தோம். தம்பி கூலி வேலைக்கு எங்கெங்கோ போய்ப் பார்த்தான். ஆள் தேவை என்றவர்கள் அவன் பேரைக் கேட்டதும் தேவையில்லை என்றார்கள். வேலை தருகிறேன் என்று கடைசியில் ஒரே ஒருவர்தான் முன்வந்தார். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து, செருப்பு மாட்டிக்கொண்டே அம்மாவிடம் சொன்னார்.

"தம்பி சும்மா இருக்கான்னு கேள்விப்பட்டேன்க்கா. ஹேவ்லாக் ஜெட்டிக்கு அனுப்பி வைங்க. போட்டுகளக் கழுவித் தொடைக்க நம்பிக்கையான ஆளு வேணும். நம்ம புள்ளயா இருந்தா நல்லது."

போகாதே என்று நான் ஆடித் தீர்த்தேன்.  தம்பி துணியை மடித்துக்கொண்டே, "வேற எங்க போவ அக்கா?" என்று கேட்டான்.  மறுநாள் காலைக் கப்பலில் போய்விட்டான்.

தினமும் சாயங்காலம் போன் செய்வான். சாப்பாடு பரவாயில்லை, கழுவுகிறதோடு தினமும் பெரிய போட்டில் கயிறு பிடிக்கவும் ஏற்றிக்கொண்டு போகிறார்கள் என்பான். மகன் திரும்பி வந்துவிட்டான், இப்போது ரிசார்ட்டை அவன்தான் பார்க்கிறான், தன்னைப் பார்த்தால் இந்தியில் சகோதரன் என்கிற மாதிரி "பாயி" என்று கூப்பிடுகிறான் என்று சொன்னான். தாடை வலிக்கிறதா என்று ஒருமுறை தம்பியிடமே கேட்டானாம்.  

சென்ற மாதம் ஒருநாள் மத்தியானமே போன் வந்தது. நான் சட்டைப் பட்டனுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் அம்மா பட்டன் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, பெரிய போட்ட இன்னிக்கு மேல ஏத்தியிருக்காவ. அடியக் கழுவ."

"சரி."

"மூக்குக்குக் கீழ, மடிப்புல, தண்ணியில நிக்கையில யாருக்கும் தெரியாத எடத்துல..." மூச்சு வாங்கினான். "நம்ம நெறம் இருக்கு அக்கா."

எனக்குப் புரியவில்லை.

"மயில் கழுத்து. அண்ணன் கலந்தது. ஒரு கை நீளத்துக்கு அப்பிடியே ஒட்டியிருக்கு. பக்கத்துல கீறலும் இருக்கு."

போனைக் காதில் வைத்தபடியே ஊசியைத் துணியில் குத்தி வைத்தேன். அவர்கள் அதைக் கழுவவே இல்லை. இத்தனை காலமும் அந்தப் படகு அதோடுதான் போய்வந்திருக்கிறது, அதோடுதான் முதல் தீர்த்தம் வாங்கியிருக்கிறது. கீறல்கூட இல்லை என்று எழுதியவர் குனிந்து பார்த்திருந்தால் போதும். குனியமாட்டார் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. கழுவ வேண்டிய அவசியம் எங்களுக்குத்தான் இருந்தது, அவர்களுக்கு இல்லை.

"தொடாத" என்றேன். "போட்டோ எடு. நா வக்கீலப் பாக்கேன்."

அவன் எடுத்து அனுப்பிய படத்தில் அது வெறும் கறுப்புத் தீற்றலாகத்தான் தெரிந்தது. வக்கீல் போனில் என் பேச்சை முழுக்கக் கேட்டார். பிறகு, ஒப்புக்கொண்டு முடித்த வழக்கு என்றார். அடுத்தவர் படகு, அடுத்தவர் இடம், பார்த்தவன் அங்கே சம்பளம் வாங்குகிறவன் என்றார். மேலே மனுப் போட்டுப் பார்க்கலாம், ஆனால் மனு ஹேவ்லாக் போய்ச் சேர்வதற்கு முன்னால் சேதி போய்ச் சேர்ந்துவிடும், தம்பி அங்கேதானே இருக்கிறான், யோசித்துக்கொள்ளுங்கள் என்றார். நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். வைக்கும்போது, இதைத் தன்னிடம் சொன்னதாக வேறு யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார்.

அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். பட்டன் பிரிப்பதை நிறுத்திவிட்டாள்.

"அந்தப் படகுலயா எம்புள்ள தெனமும் போறான்?" என்றாள்.

"ஆமா."

"கழுவாத படகுலயா?"

நான் அம்மாவைப் பார்த்தேன். என்ன நினைக்கிறாள் என்று தெரிந்துவிட்டது. மற்ற நாளாக இருந்தால் கிண்டல் செய்திருப்பேன். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. மகன் "பாயி" என்று கூப்பிடுவதும், தாடை வலிக்கிறதா என்று கேட்பதும், நடுக்கடலில் அந்தப் படகில் அவர்கள் இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடும் என்பதும் ஒன்றாகத் தலைக்குள் வந்தன. படகு இன்னோர் ஆளைக் கேட்குமோ கேட்காதோ, படகின் சொந்தக்காரர்களுக்குக் கேட்கத் தெரியும்.

"போன் போட்டுக் கொடு" என்றாள் அம்மா.

"அம்மா, அது ஒண்ணுதான் இருக்கு. அண்ணனுக்குன்னு வேற ஒண்ணும் இல்ல."

"போனவன் போயிட்டான். போன் போடுட்டி."

போட்டுக் கொடுத்தேன். அம்மா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். காதில் வைக்காமல் வாய்க்கு நேராக வைத்துக்கொண்டு பேசினாள்.

"மக்கா, அதக் கழுவிரு. மணல் போட்டு நல்லாத் தேய். உப்பு இருந்தா கொஞ்சம் தூவு. யாருகிட்டயும் ஒண்ணும் சொல்லாத. கழுவிட்டு என்னக் கூப்புடு."

அந்தப் பக்கம் அலையும், யாரோ இந்தியில் யாரையோ கூப்பிடுவதும் கேட்டன. பிறகு, "சரிம்மா" என்றான்.

சாயங்காலம் கூப்பிட்டான். கழுவிவிட்டேன் என்றான். சீக்கிரம் போகவில்லையாம், அண்ணன் பெயிண்ட் கெட்டியாகப் பிடித்திருந்ததாம். வேலையைப் பார்த்த சூப்பர்வைசர், அடிப்பக்கத்தைக்கூட இவ்வளவு சுத்தமாகக் கழுவுகிறானே என்று முதலாளியிடம் சொல்லியிருக்கிறான். முதலாளி ரொம்பச் சந்தோஷப்பட்டாராம்.